தரங்கம்பாடியின் ஈய எழுத்துகள்

1713ஆம் ஆண்டின் நடுவில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய சரக்குகளுள் தமிழ் எழுத்துகள் அடங்கிய பெட்டிகளும் இருந்தன. ஜெர்மனியின் ஹாலே நகரில் வெட்டி வார்க்கப்பட்ட ஈய எழுத்துகள் அவை. அவற்றை எதிர்பார்த்துப் பல மாதங்கள் காத்திருந்தவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அப்போது அவருக்கு வயது முப்பதை ஒட்டியே இருந்தது. தமிழைக் கற்கத் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெட்டிகளைத் திறந்து, எழுத்துகளைக் கோத்து, மை தடவித் தாளில் ஒற்றிப் பார்த்தபோது அவை தமிழாகவே இருந்தன. தமிழ் பேசும் ஒருவரைக்கூடத் தம் ஊரில் கண்டிராத கைவினைஞர்கள், கடல் கடந்து வந்த கையெழுத்து மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு வெட்டியவை என்று எண்ணும்போது அது வியப்புக்குரிய செயலே. ஆனால் எழுத்துகள் மிகப் பெரியவை. ஒரு பக்கத்தில் சில வரிகளே ஏறின. நூலோ பெரிது, காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டும்.

அச்சுத்தொழிலை அறியாதார்க்கு இது சிறு குறையாகத் தோன்றலாம். ஒரு நூல் பிறப்பதும் பிறவாமற் போவதும் பல வேளைகளில் எழுத்தின் பருமனைப் பொறுத்ததே என்பதைத் தம் கைப்பணத்தில் கவிதைத் தொகுதி அச்சிட்ட எவரும் அறிவர்.

சீகன்பால்கு 1682இல் சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். உடல்நலம் என்றும் அவருக்கு வாய்த்ததில்லை. கல்வியும் நோயால் இடையிடையே தடைப்பட்டது. ஹாலே பல்கலைக்கழகத்தில் பிராங்கே என்னும் பேராசிரியரின் செல்வாக்கு அவர்மீது படிந்தது. அனாதை இல்லம், பள்ளி, மருந்தகம், அச்சகம் எனப் பல அறச்செயல்களை ஒரே வளாகத்தில் நடத்திக் காட்டியவர் பிராங்கே. பின்னாளில் தமிழ் எழுத்துகள் உருவானது அந்த வளாகத்தைச் சார்ந்துதான். டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக் தம் நாட்டு வணிகக் குடியேற்றமான தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளர்களைத் தேடியபோது, சீகன்பால்குவும் புளூட்சோ என்பவரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1705 நவம்பரில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்ட கப்பல் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியை அடைந்தது.

வரவேற்பு இனிதாக இல்லை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் பெற்ற உடன்படிக்கையின் பேரில் எழுந்தது டேனியரின் டான்சுபோர்க் கோட்டை. அங்கிருந்த கம்பெனி அதிகாரிகளுக்கு மிளகும் துணியுமே குறிக்கோள். மன்னரின் ஆணையோடு வந்திறங்கிய இரு குருமார்கள் அவர்களுக்கு வேண்டாத சுமை.

கடற்கரை நகரில் அன்று ஐரோப்பியர்க்கும் உள்ளூராருக்கும் இடையே ஓடிய மொழி போர்த்துகீசியம். புளூட்சோ அதனை எடுத்துக்கொண்டார். சீகன்பால்கு தமிழை எடுத்துக்கொண்டார். திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இடத்துக்கே வரவழைத்து, சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி கற்றார். எழுத்தை மணலில் விரலால் உணர்ந்தவர் பின்னர் அதை ஈயத்தில் காண விரும்பினார் என்பது அவர் வாழ்வின் இழையை விளங்கச் செய்கிறது. பேச்சுத் தமிழுக்குத் துணையாக அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். ஐரோப்பிய மொழிகள் சிலவற்றை அறிந்த அவர், கம்பெனியில் முன்பு பணியாற்றியவர். கிறித்தவப் பணியாளரோடு சேர்ந்தமைக்காக அவர் பட்ட இன்னல்கள் பல. தமிழ் அச்சு வரலாற்றில் அவர் பெயர் ஓரத்தில்கூட இடம்பெறுவதில்லை, இடம்பெற்றிருக்க வேண்டும்.

கற்ற வேகம் அசாதாரணமானது. காலையில் சொற்களை மனனம் செய்தல், பின்னர் ஓலைச்சுவடி வாசித்தல், வாசித்ததில் ஐயமானவற்றைப் புலவர்களிடம் கேட்டறிதல் என நாளைப் பகுத்துக்கொண்டார். ஊர் ஊராக ஆட்களை அனுப்பிச் சுவடிகளை விலைக்கு வாங்கினார். கிடைக்காதவற்றை எழுத்தர்களை அமர்த்திப் படியெடுக்கச் செய்தார். 1708இல் அவர் எழுதி முடித்த நூற்பட்டியலில் தமிழர் இயற்றிய 119 நூல்கள் இடம்பெற்றுள்ளன. ஒவ்வொன்றுக்கும் சிறு விளக்கமும் உண்டு. தமிழ் நூல்களுக்கு ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் விரிவான அட்டவணைகளுள் அது ஒன்று. அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். வழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதியும் செய்யுட் சொற்களுக்கென்றே தனியாக மற்றோர் அகராதியும் தொகுத்தார். செய்யுளுக்குத் தனி அகராதி வேண்டும் என்று வந்த சில ஆண்டுகளிலேயே உணர்ந்த அயலார் எத்தனை பேர்?

1708 நவம்பரில் கோட்டைத் தளபதி ஹாசியசுக்கும் அவருக்கும் இருந்த பூசல் முற்றியது. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் வழக்கில் சீகன்பால்கு தலையிட்டதும் அதற்குக் காரணங்களுள் ஒன்று. நான்கு மாதங்கள் டான்சுபோர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். சிறைப்படுவதற்குச் சற்று முன்பே புதிய ஏற்பாட்டின் தமிழாக்கத்தைத் தொடங்கியிருந்தார். 1709இல் விடுதலையாகி, 1711இல் அதனை முடித்தார்.

மொழிபெயர்த்த நூல் கையிலிருந்தது. அதைப் பலர் கைக்குக் கொண்டு சேர்ப்பதற்கு வழியில்லை. ஓலையில் படியெடுப்பது மெதுவான வேலை; கூலியும் மிகுதி. எழுத்தர்க்கு எழுத்தர் பிழைகள் வேறு. அவர் விண்ணப்பத்தைக் கேட்டு உதவ முன்வந்தது இலண்டனில் இருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம். அச்சுப்பொறி, உரோமன் எழுத்துகள், காகிதம், அவற்றோடு யோனாஸ் பிங்க் என்னும் அச்சாளர் ஆகியோரைக் கழகம் 1711இல் கப்பலேற்றியது. அக்கப்பல் பிரேசிலின் ரியோ டி ஜனேரோ அருகே பிரெஞ்சுக்காரரிடம் சிக்கியது. பின்னர் பொருள் கொடுத்து மீட்கப்பட்டது. ஆனால் பயணத்தின் நடுவிலேயே காய்ச்சலில் பிங்க் இறந்துபோனார். 1712இல் பொறி மட்டும் தரங்கம்பாடி வந்து சேர்ந்தது. கோட்டைச் சிப்பாய்களுள் அச்சுவேலை தெரிந்த ஒருவர் அகப்பட்டார். அவரைக் கொண்டு முதலில் போர்த்துகீசிய நூல்கள் அச்சாயின. தமிழுக்குப் பொறி இருந்தது, எழுத்து இல்லை.

தமிழ் அச்சின் முதல்வர் சீகன்பால்கு என்று சிலர் எழுதிவருவது சரியன்று. அவருக்கு ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலாக முன்பே, 1578இல், கொல்லத்தில் என்றிகே என்றிகஸ் அடிகளின் தம்பிரான் வணக்கம் தமிழ் எழுத்துகளால் அச்சாகிவிட்டது. பதினாறே பக்கங்கள் கொண்ட நூல் அது. தொடர்ந்து கொச்சியிலும் புன்னைக்காயலிலும் நூல்கள் வந்தன. பின்னர் அந்த மரபு தளர்ந்தது. 1679இல் அம்பலக்காட்டில் தமிழ்–போர்த்துகீசிய அகராதி வெளியான பிறகு தமிழ் அச்சில் நீண்ட இடைவெளி. தரங்கம்பாடியில் நடந்தது தொடக்கமன்று, மறுதொடக்கம். ஆனால் இம்முறை தொடங்கியது நின்றுபோகவில்லை. அதுவே அதன் பெருமை.

ஹாலே எழுத்துகளோடு ஆட்லர் என்னும் கைவினைஞரும் அவர் தம்பியும் தரங்கம்பாடிக்கு வந்தனர். 1713இல் அவ்வெழுத்துகளால் அக்கியானம் என்னும் சிறு நூல் வெளியாயிற்று. அடுத்துப் புதிய ஏற்பாட்டு வேலை தொடங்கியபோதுதான், கையிலிருக்கும் காகிதம் அந்தப் பெரிய எழுத்துக்குக் காணாது என்பது கணக்கில் தெளிவாயிற்று. ஆட்லர் சிறிய எழுத்து வெட்டத் தொடங்கினார். எஃகு முனையில் ஒவ்வோர் எழுத்தையும் இடவல மாற்றமாகச் செதுக்க வேண்டும். அம்முனையைச் செம்புக் கட்டையில் அடித்துப் பள்ளம் காண வேண்டும். அப்பள்ளத்தை அச்சில் பொருத்தி உருகிய ஈயத்தை ஊற்ற வேண்டும். உரோமன் எழுத்துக்குச் சில பத்து முனைகள் போதும். தமிழுக்கோ உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் துணைக்குறிகளும் எனக் கணக்கு நீளும். ணா, றா, னா ஆகியவற்றின் பழைய சுழிவடிவங்களும் ணை, லை, ளை, னை ஆகியவற்றின் துதிக்கை வடிவங்களும் தனித்தனி முனை கேட்பவை. ஈயம் போதாமையால் இலண்டனிலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டையும் உருக்கி எழுத்து வார்த்தனர் என்றொரு செய்தி வழங்கிவருகிறது. தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள பொறையாற்றில் எழுத்து வார்ப்பகம் அமைந்தது. 1715இல் காகித ஆலையும் எழுந்தது. ஆனால் அது நெடுங்காலம் நீடிக்கவில்லை.

சிறிய எழுத்தின் தேவை ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் இதேபோல எழுந்ததுண்டு. வெனிஸ் நகர அச்சாளர் ஆல்டஸ் மனூஷியஸ், பிரான்செஸ்கோ கிரிஃபோ என்னும் எழுத்துச் சிற்பியைக் கொண்டு 1501இல் ஒரு புதிய எழுத்தை வெளியிட்டார். அலுவலக எழுத்தர்களின் விரைந்த கையெழுத்தைப் பின்பற்றி, வலப்புறம் சற்றே சாய்ந்து, ஒன்றையொன்று நெருங்கி, நுனிகளில் மெல்லிய வெட்டுக் கொண்ட எழுத்து அது. வர்ஜிலின் கவிதைகள் முழுவதும் அந்தச் சாய்வெழுத்தில், கையடக்க நூலாக வெளிவந்தன. முதலில் அது நூல் முழுமைக்கும் உரிய எழுத்தாகவே இருந்தது. அழுத்தம் காட்டவும், நூற்பெயர் சுட்டவும், அயற்சொல்லைப் பிரித்துக் காட்டவும் நேர் எழுத்தின் நடுவே வரும் உடன்பிறப்பாக மாறியது பின்னர்தான். அந்த எழுத்துக்கு எழுதுகோலின் நடை உண்டு. சாய்வு என்பது கையின் வேகத்திலிருந்து பிறந்தது; நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்த்ததனால் பிறந்ததன்று.

தமிழில் அத்தகைய உடன்பிறப்பு தோன்றவில்லை. அதற்குக் காரணம் தமிழன் கையில் இருந்தது எழுத்தாணி. மை தொட்டெழுதும் தூவலுக்குத் தடித்த கோடும் மெல்லிய கோடும் இயல்பாக வரும்; ஓலையைக் கீறும் எழுத்தாணிக்கு எல்லாக் கோடும் ஒன்றே. கிடைக்கோடு ஓலையின் நரம்பைக் கிழித்துவிடும் என்பதால் எழுத்துகள் வளைந்தன என்பர். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றுக்கும் இந்த வளைவு பொது. ஓசூரிலிருந்து கெலவரப்பள்ளி செல்லும் வழியில் பெயர்ப்பலகைகளைப் பார்ப்போர்க்கு இது கண்கூடு. ஆகவே ஆட்லர் வெட்டிய சிறிய எழுத்தும் நிமிர்ந்த எழுத்தே. பிற்கால அச்சகங்களில் அழுத்தத்துக்குத் தடித்த எழுத்தும், மேற்கோளுக்குக் குறியும், பாட்டுக்கு இடம் விட்ட வரியும் பயன்பட்டன. கணினி வந்த பிறகு நேரான தமிழ் எழுத்தைப் பொறியே சாய்த்துத் தருகிறது. அதை விரும்பிக் கவிதை முழுவதையும் சாய்வில் அச்சிடும் தொகுதிகள் பெருகிவிட்டன. கால் வாங்கிய எழுத்துகள் அங்கே காற்றில் சாய்ந்த வேலிக்கால்போல் நிற்பதைக் கவிஞர்கள் கவனிக்க வேண்டும். கிரிஃபோவின் சாய்வுக்குக் கை இருந்தது. இந்தச் சாய்வுக்குக் கை இல்லை.

நால்வர் எழுதிய நற்செய்திகளும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய முதற்பகுதி 1714இலும், எஞ்சிய பகுதி 1715இலும் வெளியாயின. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியதில்லை. மொழிநடையைப் பற்றிப் பின்வந்தோர் குறை கண்டனர். சீகன்பால்குவின் சமகாலத்தவரான வீரமாமுனிவர் 1710-11 அளவில் தமிழகம் வந்து செய்யுளிலும் இலக்கணத்திலும் தொட்ட உயரத்தைச் சீகன்பால்கு தொடவில்லை. எகர ஒகரங்களின் குறில்நெடில் வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கிய பெருமை வீரமாமுனிவரைச் சார்ந்தது. உலோகத்தில் அவ்வரிவடிவு பெருகுவதற்கான பட்டறையை இந்நாட்டில் நிலைநிறுத்திய பெருமை சீகன்பால்குவைச் சார்ந்தது. இருவரும் சமயத்தால் எதிரெதிர் அணியினர். ஒருவர் பணி மற்றவர்க்கு உதவியதை அவர்கள் விரும்பியிருக்கமாட்டார்கள்.

இனி, சீகன்பால்குவின் வாழ்வில் வாசகர் மனத்தை உறுத்தும் இடம் ஒன்றுண்டு. 119 தமிழ் நூல்களை அட்டவணைப்படுத்தியவர், திருவள்ளுவரை அறிந்தவர், நீதிநூல்களை வியந்து மொழிபெயர்த்தவர், தமிழர்களுக்கு வினாக்கள் அனுப்பி அவர்கள் எழுதிய 99 கடிதங்களை ஜெர்மன் மொழியில் ஆக்கி அனுப்பியவர், தம் அச்சகத்தில் தமிழ் இலக்கிய நூல் ஒன்றையும் அச்சிடவில்லை. அச்சகம் சமயப் பணிக்கென வந்தது. பணம் கொடுத்தவர்களின் நோக்கமும் அதுவே. கொன்றைவேந்தனுக்கு அந்தச் சிறிய எழுத்தில் ஒரு தாள் போதும். அந்த ஒரு தாள் அச்சாகவில்லை. 1713இல் தமிழகத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய விரிவான நூலின் கதியும் ஏறக்குறைய இதுதான். ஊராரிடம் கேட்டும் சுவடிகளை வாசித்தும் எழுதிய அந்நூலை ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அதற்கு வரவேற்பில்லை. பொய்த் தெய்வங்களை ஒழிக்கப் போனவர் அவற்றின் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா என்பது அவர்கள் எண்ணம். கையெழுத்துப் படி ஒன்றரை நூற்றாண்டு உறங்கி, 1867இல் சென்னையில் ஜெர்மன் என்னும் பெயருடைய அறிஞரால் வெளியிடப்பட்டது. நீதிநூல் மொழிபெயர்ப்புகள் டச்சு அறிஞர் காலண்டின் பதிப்பில் 1930இல் வெளிவந்தன. தமிழ் மூலங்களோ அவற்றுக்கு முன்பே அச்சேறிவிட்டன. திருக்குறளும் நாலடியாரும் 1812இல் சென்னையில் வெளிவந்தபோது, அவற்றைப் பதிப்பித்தவர்கள் தமிழ்ப் புலவர்களே.

இதற்காக அவரைக் குறைகூறுவதும் எளிது, அவர் காலத்தைக் காரணம் காட்டி மன்னிப்பதும் எளிது. அவர் எழுதிச் சேர்த்த தாள்களைப் பார்க்கும்போது இரண்டுக்கும் இடம் இருக்கிறது. இந்த மண்ணின் நூல்களைத் தேவையற்றவை என்று கருதியவர் செய்யுட் சொற்களுக்குத் தனி அகராதி தொகுத்திருக்கமாட்டார். அவற்றை வேண்டும் என்று முழுமையாகக் கருதியவர் எழுத்துப் பெட்டி கையிலிருக்கும்போது அவற்றை விட்டிருக்கவும்மாட்டார்.

1714 அக்டோபரில், மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரை உடனழைத்துக்கொண்டு சீகன்பால்கு ஐரோப்பா சென்றார். கப்பலிலும் வேலை நிற்கவில்லை. மலையப்பன் துணையோடு பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு தொடர்ந்தது. இலத்தீனில் தமிழ் இலக்கணமும் உருவாயிற்று. அது 1716இல் ஹாலேயில் அச்சானபோது, இலத்தீன் வரிகளின் நடுவே அந்தப் பழைய ஹாலேத் தமிழ் எழுத்துகள் மீண்டும் பயன்பட்டன. புதிய ஏற்பாட்டுக்குப் பெருத்துப்போன எழுத்து இலக்கணத்துக்குப் பொருந்தியது. எடுத்துக்காட்டுச் சொல் கண்ணில் பட வேண்டிய இடத்தில் பெரிய எழுத்து நன்மையே செய்யும். அந்தப் பயணத்திலேயே மரியா தொரோத்தேயா சால்ஸ்மன் என்பவரை மணந்தார். டென்மார்க் மன்னரையும் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜார்ஜையும் கண்டார். 1716 ஆகஸ்டில் திரும்பி வந்தார்.

வந்தபின் எஞ்சியிருந்தவை இரண்டரை ஆண்டுகள். 1717இல் கடலூரிலும் சென்னையிலும் பள்ளிகள் தொடங்கப்பட்டன. கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தைக் கடந்து கிருஷ்ணகிரி வழியாக ஓடும் தென்பெண்ணை கடலில் கலக்குமிடம் அந்தக் கடலூரை ஒட்டியதுதான். 1718 அக்டோபர் 11 அன்று தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. அதே காலத்தில் கோபன்ஹேகனிலிருந்து வந்த கடிதங்களோ கடுமையானவை. கட்டடத்துக்கும் பள்ளிக்கும் அச்சுக்கும் பணம் செலவிடுவதைக் கண்டித்து, பணியாளர் வெறுங்கையோடு ஊர் ஊராகப் போக வேண்டும் என்று வற்புறுத்தின. தாளும் ஈயமும் விலை கொடுத்தே வாங்க வேண்டியவை என்பதை அங்கே எவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஏற்கெனவே நலிந்திருந்த உடலுக்கு அந்த மனவேதனை சுமையாயிற்று. 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்கு காலமானார். வயது முப்பத்தாறு. தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் நூல்வரை வந்திருந்தது. உடனிருந்து உழைத்த கிரண்ட்லரும் மறு ஆண்டே மறைந்தார்.

பட்டறை நிற்கவில்லை. பின்வந்த சூல்ட்சே பழைய ஏற்பாட்டை 1728இல் நிறைவேற்றினார். அவரே சென்னையில் தெலுங்கும் கற்று, ஐரோப்பா திரும்பியபின் 1740களில் ஹாலேயில் தெலுங்கு நூல்களை அச்சிட்டார். 1761இல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி சென்னை வேப்பேரிக்கு வந்து, அங்கே பப்ரிசியுசின் கைக்குப் போயிற்று. 1779இல் அவரது அகராதி அங்கே அச்சாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் அச்சகத்தின் ஹண்ட் தமிழ் எழுத்தை இன்னும் சிறிதாக்கி, 1862இல் வின்ஸ்லோ அகராதியை ஒரே தொகுதிக்குள் அடக்கினார். தரங்கம்பாடியில் காகிதத் தட்டுப்பாட்டால் தொடங்கிய வழி அது.

அதற்கு நேர்மாறான வழியும் சென்னைத் தெருக்களில் திறந்தது. நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை என்பவை முகப்பிலேயே பெரிய எழுத்து என்று அச்சிட்டு விற்பனைக்கு வந்தன. அரைகுறையாகப் படிக்கத் தெரிந்த பெண்களும் கண் மங்கிய முதியோரும் விளக்கொளியில் எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்க, சுற்றிலும் பத்துப் பேர் அமர்ந்து கேட்டனர். மலிவான தாளில், பருத்த எழுத்தில், அந்தக் கதைகள் திருவிழாக் கடைகளில் தலைமுறை தலைமுறையாக விலைபோயின.